பேத்தைக்கு எத்தனை எழுத்து

"மூடாதேங்கோ!"

சவப்பெட்டி மூடியைத் தூக்கிய நாலு பேரும் தூக்கிய கையோடு நின்றுவிட்டார்கள். சத்தம் றொசானாவின் கையிலிருந்த போனிலிருந்து வந்தது. பாரிசில் இருக்கும் அவளுடைய தம்பி றொகான் போட்ட சத்தம். அது போனுக்குள்ளால் வந்ததா, கடல்களுக்கு மேலால் பறந்து நேரே ஓலைத்தொடுவாய்க்கு வந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது.

"அக்கா, அப்பான்ர முகத்தைப் பாக்காமல் மூடக்கூடாது. ஒரு படம் அனுப்புங்கோ. பாத்திட்டு நான் மூடச் சொல்லுறன்."

விசா இல்லாத பிள்ளை. வந்தால் திரும்பிப் போகமுடியாது. போகாவிட்டால் அங்கே பெண்சாதியும் குழந்தையும் தனியே. அவன் கேட்டது ஒரேயொரு படம். அதை யார் மறுப்பது? நாலு பேரும் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வியர்வையைத் துடைத்தார்கள்.

பெட்டிக்குள் அமிர்தநாயகம் வெள்ளைச் சேட்டும் விரல்களில் செபமாலையுமாகக் கிடந்தார். வெள்ளிக்கிழமை காலை கரையில் குந்தியிருந்து வலையில் சிக்கிய பாசியைக் கழற்றிக்கொண்டிருந்தவர், கொஞ்சம் வள்ளத்தில் சாய்ந்தார். சாய்ந்தவர் நிமிரவில்லை. அவ்வளவுதான். உயிரோடிருந்தபோது ஊரை இரண்டாக்கிய மனிதர் சாகும்போது ஒரு சத்தமும் போடவில்லை.

வீட்டிலிருந்த அத்தனை கண்களும் இப்போது றொசானாவின் புருசன், மருமகன் பிலேந்திரனைப் பார்த்தன.

அவன் ஊருக்குக் கொம்பியூட்டர் மாஸ்டர். சண்டை முடிந்து சனம் இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்தும் பெருநிலத்திலிருந்தும் திரும்பி வந்து, தகரக் கூரைகள் ஒவ்வொன்றாக ஓட்டுக் கூரைகளாகிக்கொண்டிருந்த காலம். ஒரு வெளிநாட்டு நிறுவனம் அமிர்தநாயகத்தின் முன்னறையில் ஒரு கணினியையும் இணையத்துக்கு ஒரு றவுட்டரையும் வைத்துப் பிலேந்திரனைப் படிப்பிக்க விட்டிருந்தது. மாஸ்டர் நினைத்தால் நிலாவுக்கே லைன் எடுப்பார் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. அந்தக் கதையை முதலில் யார் சொன்னது என்று தேடிப் போனால் மாஸ்டரின் வாய்க்குத்தான் போய்ச் சேரவேண்டும்.

ஆனால் மேசைக் கணினி போன மாதத்து இடியில் செத்துப்போனது. றவுட்டர் மட்டும் அலுமாரிக்கு மேலிருந்து பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்த போன்கள் பேசும், கேட்கும், டோர்ச் அடிக்கும். அதற்கு மேல் அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மன்னார்ப் பட்டினத்தில் கடைகள் பூட்டு.

"ஒண்டும் செய்யேலாது" என்று பிலேந்திரன் வாயெடுத்தான். அதற்குள் மாமி லூசியா எழும்பி உள்ளே போய், ஒரு சொப்பிங் பையோடு வந்தார். பையைச் சுற்றி இறப்பர் வளையம். அதற்குள் அமிர்தநாயகத்தின் கைக்கணினி.

உள்ளங்கையளவு சாமான். கண்ணாடி, கீழே நாலு பொத்தான், பக்கத்தில் செருகிய பிளாஸ்ரிக் குச்சி. மீள்குடியேறியவர்களின் வள்ளங்களைக் கணக்கெடுக்க நிறுவனம் கொண்டுவந்து, கணக்கெடுப்பு முடிந்ததும் பழசென்று கழித்து, மீன்பிடிச் சங்கத் தலைவரென்ற மரியாதைக்கு அவரிடம் கொடுத்திருந்தது.

"இதில படம் எடுக்கலாம். அவர் எங்கட ஆட்டையெல்லாம் படம் எடுத்தவர்" என்றார் லூசியா.

பிலேந்திரன் அவசரமாகக் கையை விரித்தான்.

"மாமி, அது பழசு. எங்கட சிக்னல் அதுக்குப் பிடிக்காது. மாமாவுக்கே சொன்னனான்."

"ஓம். சொன்னனீங்கள்" என்று லூசியா உடனே ஒப்புக்கொண்டார். ஊரும் தலையை ஆட்டியது. ஊருக்கும் அவன் சொல்லித்தான் இருந்தான்.

அந்தப் பழசை வைத்துக்கொண்டு அமிர்தநாயகம் சிக்னல் தேடிய கதையைத் தனிப் புத்தகமாகத்தான் போடவேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் சாமானைத் தலைக்கு மேலே பீடத்தில் நற்கருணையைத் தூக்கிக் காட்டுவது மாதிரிப் பிடித்துக்கொண்டு புறப்படுவார். பனைக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். கோயில் மணிக்கோபுரத்தில் ஏறிப் பார்த்தார். கடலுக்குள் இடுப்பளவு இறங்கிப் பார்த்தார். ஒருநாள் நேவி முகாம் வேலியோரம் அவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, காவலுக்கு நின்றவன் "மொக்கத சீயா?" என்று கேட்டான்; 'என்ன அப்பு அது' என்று சிங்களத்தில். இவர் "சிக்னல்" என்றார். அந்த நாட்களில் நேவிக்காரனிடம் சொல்லக்கூடாத ஒரே சொல் அதுதான். பின்னேரம் வரை உள்ளே வைத்து விசாரித்து, கடைசியில் பால் விடாத பிளேன்ரியும் கொடுத்து அனுப்பினார்கள்.

"ஆர் சொன்னது பிடிக்காதெண்டு?"

கூட்டத்துக்குள் ஒரு கை நீண்டு கைக்கணினியை வாங்கியது. அப்துல் றசாக். எருக்கலம்பிட்டி ஆள். புத்தளத்தில் பல வருடம் அகதியாயிருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். நிறுவனத்தில் கருவிகள் பார்க்கும் வேலை அவருக்கு. இந்தச் சாமானை அமிர்தநாயகத்தின் கையில் கொடுத்தவரும் அவர்தான். மரியாதைக்குச் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். அந்த நிமிடம் வரைக்கும் பிலேந்திரனுக்கு அவரில் ஒரு மனவருத்தமும் இருந்ததில்லை.

றசாக் முதலில் பெட்டிக்கருகில் போய், லூசியா புருசனின் தலைமயிரை ஒதுக்கிவிடும் வரை பொறுத்திருந்து, முகத்தைப் படமெடுத்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சாறன் தலைப்பால் துடைத்தார். ஓலைத்தொடுவாயின் அரைவாசிச் சனம் அந்த உள்ளங்கைக்குள் தலையை விட்டது.

"வைஃபை நிப்பாட்டியெல்லோ கிடக்கு. அதுதான்... இந்தா, வந்திட்டுது. பிடிக்குது மாஸ்டர்! உங்கட பேரே நிக்குது." அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "பி-லே-ந்-தி-ரன் மாஸ்டர். பாஸ்வேர்ட் மட்டும்தான் கேக்குது."

மாஸ்டர் றவுட்டரின் பச்சைக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாஸ்வேர்ட், மாஸ்டர்."

"அது... மறந்து போனன்."

"எப்பிடி மறந்தனீங்கள்?" என்றாள் றொசானா. "நீங்கள்தானே எல்லாப் பிள்ளையளுக்கும் லைன் எடுத்துக் குடுத்தனீங்கள்."

"தாங்கோ, நானே அடிக்கிறன்."

குச்சியை வாங்கினான். கண்ணாடியில் சிறு எழுத்துப் பலகை. ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுந்தது. பழைய கண்ணாடி, தொட்ட இடம் ஒன்று, அது உணர்ந்த இடம் இன்னொன்று. றசாக் எட்டி எதையோ அமர்த்த, கண்ணாடியின் நடுவில் ஒரு சிலுவை தோன்றியது.

"சேசுவே!" என்று அன்னப்பிள்ளை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பக்கத்து வளவுக் கருவாட்டு வியாபாரி. அவள் தலைமன்னாரில் வாய் திறந்தால் இராமேஸ்வரத்தில் கோழி எழும்பும்.

"சிலுவையின்ர நடுவில குத்துங்கோ. மூலைக்கு மூலை வரும், எல்லாத்திலயும் குத்தினாத்தான் கண்ணாடி சரிவரும்" என்றார் றசாக்.

செத்தவீட்டில், பெட்டிக்கு முன்னால், பிலேந்திரன் சிலுவை சிலுவையாகக் குத்தினான். பிறகு மறுபடி எழுத்துப் பலகை வந்தது. அடித்தான். பிழை என்றது. அடித்தான். பிழை.

அது சரிவராததற்குக் காரணம் இருந்தது. அந்தச் சொல்லை அவன் ஒரேயொரு முறைதான் நிதானமில்லாமல், கோபத்தில் அடித்திருந்தான். பிறகு செத்துப்போன மேசைக் கணினிதான் அதைத் தன் பாட்டில் நினைவில் வைத்திருந்தது.

நடந்தது இதுதான். ஒரு நாள் வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது மாமா வாசலில் வந்து நின்று, "பெட்டிக்கு முன்னால குந்தியிருக்கிறதும் ஒரு உத்தியோகமோ? கடலில காலை வைச்சாச் சத்தியெடுக்கிற ஆம்பிளை" என்று பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லிச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்று வகுப்பு முடிந்ததும் பிலேந்திரன் றவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினான். மாமாவின் முதுகுக்குப் பின்னால் ஊர் சொல்லும் பட்டப்பெயரையே போட்டான். போட்டுவிட்டுத் தனியே இருந்து சிரித்தான்.

அடுத்த கிழமையே மாமா கைக்கணினியோடு வந்து நின்றார். "மருமோன், இதுக்கும் உந்தச் சிக்னலைக் குடுமன். றொகானுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, படம் அனுப்பிறானாம்" என்று, அவர் வாயில் வராத மெல்லிய குரலில் கேட்டார். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க அந்தச் சொல்லை எப்படி அடிப்பது? "இது பழசு மாமா, பிடிக்காது" என்று வாய் தானாகச் சொன்னது. பாஸ்வேர்டை மாற்ற ஒரு சுருட்டுப் பிடிக்கும் நேரம் போதும். நாளைக்கு மாற்றலாம் என்று இருந்தான். நாளைக்கு மாற்றினால், நேற்று ஏன் பிடிக்கவில்லை என்று கேட்பாரே என்று பிறகு இருந்தான். அப்படியே இருந்துவிட்டான். தான் பழித்த மேசைக் கணினிக்கு முன்னால் குந்திப் படம் பார்க்க மாமா வரவுமில்லை, இவன் கூப்பிடவுமில்லை.

"பிள்ளையள், எனக்குப் பேசாலையில ஒரு ஞானஸ்நானம் இருக்கு" என்று அடக்கத்துக்கு வந்திருந்த பங்குச் சுவாமி மெல்ல நினைவூட்டினார்.

போனில் றொகான் விசும்புவது கேட்டது.

றசாக் குச்சியைத் திரும்ப வாங்கினார். "உங்களுக்கு இந்தக் குச்சி பழக்கமில்லை மாஸ்டர். காதுக்குள்ள சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்."

வேறு வழியில்லை. பிலேந்திரன் குனிந்தான். வெளியே ஒலிபெருக்கி ஒப்பாரிப் பாட்டை ஊர் முழுக்க ஊற்றிக்கொண்டிருந்தது. அவன் சொன்னது றசாக்குக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னான். கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துச் சுவாமி, பாட்டை நிற்பாட்டச் சொல்லி வாசலுக்குக் கையைக் காட்டினார்.

பாட்டு நின்றது.

"என்னது, பேத்தையோ?" என்றார் றசாக்.

வாசலில் நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

பேத்தை ஒரு மீன். யாரும் அதைத் தேடிக் கடலுக்குப் போவதில்லை; அதுவாக வந்து வலையில் ஏறும். தின்ன உதவாது, நஞ்சு. தொட்டால் கோபம் வந்து வயிற்றை ஊதிப் பந்தாகிவிடும். அமிர்தநாயகத்துக்குக் கோபம் வந்தால் கன்னம் முதலில், கழுத்து பிறகு, கடைசியில் சேட்டுப் பொத்தானும் தெறிக்கும். ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர். ஆனால் அவருடைய வீட்டுக்குள், அவருடைய பெண்சாதி பிள்ளைகள் கேட்க, இதுவரை ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

பிலேந்திரனுக்குக் காதிரண்டும் சுட்டன. தலையை நிமிர்த்தாமல் பெட்டியைத் தாங்கியிருந்த மேசையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேசைக்கு நாலு கால்கள்தானென்றாலும் அவன் திரும்பத் திரும்ப எண்ணினான்.

"ஆர் உந்தப் பேரை வைச்சது?" என்றாள் அன்னப்பிள்ளை.

றசாக் நல்ல மனுசன். சட்டென்று ஒரு பாலம் போட்டுப் பார்த்தார். "இதுகள் கொம்பனியில இருந்து வரேக்கயே ஒரு சொல்லு போட்டுத்தான் வரும், ஆச்சி. சைனாச் சாமான்."

"சைனாக்காரனுக்கு எங்கட பேத்தையரைத் தெரியுமோ?"

யாரோ சிரிப்பைத் தொண்டைக்குள் இருமலாக்கினார்கள். இருமல் தொற்றிக்கொண்டு வாசல்வரை போனது. றொசானா புருசனை ஒருதரம் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

"நான்தான்" என்றான் பிலேந்திரன். அது யாருக்கும் கேட்டதா தெரியவில்லை.

லூசியாதான் பேசினார். "அடியுங்கோ தம்பி. றொகான் காத்துக்கொண்டு நிக்கிறான்."

அடித்தால் போதுமா? பேத்தையை இங்கிலீசில் எப்படி எழுதுவது? றசாக் ஒருவிதம் அடித்தார், பிழை. அடம்பனிலிருந்து வந்திருந்த கனகரத்தினம், ஓய்வுபெற்ற தபாலதிபர், ஆயுள் முழுக்க மற்றவர்களின் எழுத்துப்பிழைகளை மன்னித்தே பழகியவர், முன்னுக்கு வந்தார்.

"பி, ஈ, ரி, எச், ஏ, ஐ. அதுதான் முறை."

"ஆறெழுத்துத்தானே வருது ஐயா. எட்டுக்குக் குறைய இது எடுக்காது."

"அப்ப ஈயை ரெண்டாப் போடுங்கோ."

"ரெண்டு ஈ போட்டாப் பீத்தையெண்டெல்லோ வாசிப்பாங்கள்" என்றான் மூடி தூக்க வந்தவர்களில் ஒருவன்.

"அழுத்திச் சொல்லிப் பாருங்கோ. பேத்த்தை! நடுவில ரெண்டு கிடக்கு" என்றாள் அன்னப்பிள்ளை.

எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். சத்தியமாக! செத்தவீடு முழுவதும், சுவரோரம் இருந்த கிழவிகள் உட்பட, பெட்டியைச் சுற்றி நின்று "பேத்தை, பேத்த்தை" என்று வாய்க்குள் உருட்டினார்கள். சுவாமியின் உதடும் அசைந்ததாக ஒரு கட்சி இன்றைக்கும் சொல்லும். பெட்டிக்குள் இருந்தவர் ஒருவர்தான் ஊதவில்லை.

றசாக் விரல் மடித்தார். "பி, ஈ, ரி, எச், ரி, எச், ஏ, ஐ. எட்டு! சரியா எட்டு."

அடித்தார். பிழை.

"முதலெழுத்தை இது தன்ர பாட்டில பெரிசாப் போடுது" என்றான் பிலேந்திரன். தரையைப் பார்த்தபடிதான் சொன்னான். "நான் சின்னனாத்தான் போட்டனான்."

அந்த 'நான்' எல்லாருக்கும் கேட்டது.

றசாக் முதலெழுத்தைச் சிறிதாக்கி அமர்த்தினார். சுழன்றது. பிடித்தது. பெருமூச்சொன்று வீட்டுக் கூரையைத் தூக்கி வைத்தது.

ஆனால் படம் உடனே போகவில்லை. "வந்து கிடக்கிறது எல்லாம் முதலில இறங்கும். பிறகுதான் போகும்" என்றார் றசாக். நிறுவனம் அமிர்தநாயகத்துக்கென்று அப்போதே ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுத்திருந்தது.

இறங்கத் தொடங்கியது. மேலிருந்து கீழே கோடு கோடாகக் கண்ணாடியில் ஒரு படம் விரிந்தது. கம்பளிக்குள் சுற்றிய, கண் மூடிய ஒரு குழந்தை. அடுத்தது, அதே குழந்தை கண் திறந்து. அடுத்தது, குப்புறப் படுத்துத் தலை நிமிர்த்தி. அடுத்தது, இரண்டு பல்லோடு. ஒவ்வொன்றும் வர ஒரு பரமண்டலச் செபம் சொல்லி முடிக்கலாம். ஒருவரும் அசையவில்லை. அமிர்தநாயகத்தின் பேத்தி அவருடைய பெட்டிக்கு முன்னால், ஊர் பார்த்துக்கொண்டிருக்க வளர்ந்தாள். உட்கார்ந்தாள். தவழ்ந்தாள். ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, அனுப்பியாச்சோ?" என்று போன் கேட்டது.

"இறங்குதடா. உன்ர பிள்ளையின்ர படங்கள்."

"அது பழசெல்லோ. அப்பா எல்லாம் பாத்திட்டார். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லுவார், 'பாத்தனான்டா, மூக்கு உன்ர மூக்கு'. அத்தான் நல்லாச் செய்து தந்தவரெண்டும் சொன்னவர்."

றொசானா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். தாயைப் பார்த்தாள்.

லூசியா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பக்கத்தில் நின்ற பிலேந்திரனுக்கும் கேட்டது. "மருமோனுக்கு ஏலாமப் போச்செண்டு சொன்னா, றொகான் அவரைக் குறைவா நினைப்பானாம். என்னையும் அப்பிடியே சொல்லச் சொன்னவர்."

றொசானா போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"ஓம் தம்பி. பாத்தவர்" என்றாள்.

கடைசியாகப் படம் போனது. அங்கே அது போய்ச் சேர்ந்ததற்கு அடையாளமாகப் போனில் சத்தம் இல்லாமற் போனது. பிறகு, "முகம் வத்திப்போச்சு" என்றான் றொகான். அதற்கும் பிறகு, "மூடுங்கோ" என்றான்.

முறைப்படி ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தங் கொஞ்சினார்கள். பிலேந்திரனின் முறை வந்தபோது கூட்டம் கொஞ்சம் விலகி வழி விட்டது. தேவைக்கு மேலேயே விலகியது. அவன் குனிந்தான். நிமிர நேரமெடுத்தது. சுவாமி மணிக்கூட்டைப் பார்க்காமல் நின்றார்.

சேமக்காலையில் அடக்கிவிட்டுத் திரும்பி, வந்தவர்கள் கைகால் கழுவி, முற்றத்தில் சாப்பாடு பரிமாறத் தொடங்கினார்கள். அன்னப்பிள்ளையின் குரல் சோற்றையும் மீன்குழம்பையும் அதட்டிக்கொண்டிருந்தது. றசாக் மோட்டச்சைக்கிளை எடுக்கப் போனவர் திரும்பி வந்து, கைக்கணினியையும் சாஜரையும் பிலேந்திரனின் கையில் வைத்தார்.

"பற்றறி அடியில நிக்குது, மாஸ்டர். சாஜில போட்டு வையுங்கோ. செத்துதெண்டா இந்த மொடல் எல்லாத்தையும் மறந்திடும். படமும் போயிடும். திரும்பவும் முதலில இருந்து பாஸ்வேர்ட் கேக்கும்."

"ஓம்" என்றான்.

முன்னறையில் பெட்டி இருந்த இடம் வெறுமையாயிருந்தது. பிளக் சுவரின் அடியில், மெழுகுதிரி உருகி விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பிலேந்திரன் நிலத்தில் உட்கார்ந்து சாஜரைச் செருகினான். சிவப்பு வெளிச்சம் வந்தது, போனது. பிளக் தளர்ந்திருந்தது. ஒரு பக்கமாகச் சரித்து அமர்த்திப் பிடித்தால் வெளிச்சம் நின்றது. கையை எடுத்தால் அணைந்தது.

அமர்த்திப் பிடித்துக்கொண்டான்.

லூசியா உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். சாப்பிட்ட சனம் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, "வாறம் மாஸ்டர்" என்று சொல்லிப் போனது. அவன் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினான். சோறு ஆறி, மேலே ஓர் ஈ வந்து குந்தியது. அதை விரட்டவும் அவன் அந்தக் கையை எடுக்கவில்லை.